கராஜ் கேள்வி – பதில்: மினுங்கின சம்பும் உடைஞ்ச எஞ்சினும்

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் கோண்டாவிலில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்தவன். உங்கள் பகுதியை அப்பா போனில் படம் பிடித்து அனுப்புவார். என்னிடம் 1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோ கார் ஒன்று இருக்கிறது. 350 எஞ்சின், நாலு கியர், 3.73 டிஃப் (பின்சில்லுகளைச் சுழற்றும் பல்விகிதம்). கோடை முழுக்க வேலைக்கும் அதில்தான் போவேன். ஓகஸ்டில் ஒரு ஞாயிறு கயூகா பக்கம் உள்ள டிராக் ரேஸ் ஓடுபாதைக்கு வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே போனேன், நூறு கிலோமீற்றருக்கு மேல். முதல் மூன்று ஓட்டமும் நல்லாய் இருந்தது, 13.4 விநாடி வரை வந்தது. மூன்றாவது ஓட்டம் முடிந்து பிரேக் பிடிக்கும்போது ஒயில் அழுத்த முள்ளு கீழே விழுந்து திரும்ப ஏறியது. திரும்பி வரும்போது மெல்லிய டக் டக் சத்தம். வால்வுச் சத்தம், பயப்படாதே என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். நாலாவது ஓட்டத்தில் மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 6200 சுற்று காட்டும்போது பெரிய வெடிச் சத்தம், புகை. ஸ்ராட்டருக்குப் பக்கத்தில் எஞ்சினின் உடலான புளொக்கை உடைத்துக்கொண்டு, பிஸ்ரனையும் கிராங்கையும் (எஞ்சினின் சுழல் தண்டு) இணைக்கும் கொன்ரொட் வெளியே நிற்கிறது. போன பனிக்காலத்தில் கேம், கார்பரேற்றர் மாற்றி, குரோம் பூசிய ஆழமான சம்ப் (எஞ்சினுக்குக் கீழே ஒயில் தங்கும் தட்டு) ஒன்றும் போட்டேன். எஞ்சினின் கீழ்ப்பகுதி நான் வாங்கியபோது இருந்தபடியே. ஒயில் முதல் கிழமைதான் மாற்றினேன், வழக்கம்போல 4.7 லீற்றர். எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புது எஞ்சின் பெட்டியோடு வாங்கு என்று இங்கே சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனதால் உடைந்ததா? நான் கூடச் சுற்ற விட்டதாலா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, உந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குக் குடுக்காதையும். உடைஞ்சு வெளியிலை வந்த அந்த ஒரு ரொட்டைத்தான் எல்லாரும் கையிலை எடுத்துப் பாப்பினம், படம் பிடிப்பினம். அதிலை வாசிக்கப் பெரிசா ஒண்டும் இராது. போற போக்கிலை கிராங்கிலையும் புளொக்கிலையும் அடிபட்டு, தன்ரை சாட்சியத்தைத் தானே அழிச்சுப்போட்டுத்தான் அது வெளியிலை வந்திருக்கும். நடந்ததைச் சொல்லப்போறது மிச்சம் இருக்கிற ஏழு சிலிண்டரும்.

இஞ்சத்தை வாசகர்களுக்காக ஒரு விளக்கம். டிராக் ரேஸ் எண்டால் வளைவு இல்லாத நேர் ஓட்டம். ரெண்டு வண்டி பக்கத்திலை பக்கத்திலை நிண்டு, பச்சை லைற் விழ வெளிக்கிட்டு, கால் மைல் ஓடும். எங்கடை கணக்கிலை 402 மீற்றர். 350 எண்டது எஞ்சினின்ரை கொள்ளளவு, கன அங்குலத்திலை. 5.7 லீற்றர், எட்டுச் சிலிண்டர். ஒரு சிலிண்டருக்குள்ளையே கிட்டத்தட்ட அஞ்சு பல்சர் 150 அடங்கும். செவர்லே கொம்பனி உந்த எஞ்சின் குடும்பத்தை 1955இலை தொடங்கினது, 350 முதன்முதலாய் 1967 கமாரோவிலைதான் வந்தது. கோடிக்கணக்கிலை செய்த குடும்பம். அதாலை அது எப்பிடி உடையும் எண்டதும் உலகத்துக்கு நல்லாத் தெரிஞ்ச விசயம்.

வீட்டிலையிருந்து ஓட்டிக்கொண்டு போனதாலை உடையேல்லை. 3.73 டிஃபோடை நாலாம் கியரிலை 100 கிலோமீற்றர் வேகத்துக்கு எஞ்சின் 3000 அளவிலைதான் சுத்தும். அந்தச் சுத்திலை உது வன்கூவர் வரைக்கும் போயிருக்கும். றோட்டிலை ஓடுற வண்டியை றேசுக்குக் கொண்டுபோறது பிழை எண்டு சொல்லுறவையோடை நான் சேரமாட்டன். றோட்டு வண்டிக்கும் றேஸ் வண்டிக்கும் வித்தியாசம் கூடுதலாய் சம்புக்குள்ளைதான் கிடக்குது, அதை ஒருத்தரும் கழட்டிப் பாக்கிறேல்லை.

நீர் எழுதினதிலை என்ரை கண் போய் நிண்ட இடம் ரெண்டு. ஆழமான சம்ப் எண்டது ஒண்டு. வழக்கம்போல 4.7 லீற்றர் எண்டது மற்றது. 4.7 லீற்றர் பில்ரரோடை சேத்து உந்த எஞ்சினின்ரை பழைய சம்புக்கு உரிய அளவு. கடையிலை வாங்கிப் போடுற ஆழமான சம்புகள் அதைவிட ஒரு லீற்றர், சிலது ரெண்டு லீற்றர் கூடப் பிடிக்கும். பழைய அளவை விட்டால் ஒயில் பள்ளத்தின்ரை அடியிலை போய்ப் படுத்திடும். சரி, பள்ளத்திலையெண்டாலும் பம்ப் அதை உறிஞ்ச வேணுமே. பம்பிலை இருந்து கீழை இறங்கிற பிக்கப் குழாய் பழைய சம்பின்ரை ஆழத்துக்குச் செய்தது. சம்ப் ஆழமாகி, குழாய் அப்பிடியே நிண்டால், வலை போட்ட அந்த வாய் அடியிலை இருந்து கனதூரம் மேலை நிக்கும். வாய்க்கும் சம்பின்ரை அடிக்கும் இடையிலை 9, 10 மில்லிமீற்றர்தான் இருக்கலாம். சம்ப் மாத்தேக்கை பிக்கப் குழாயும் மாத்தினதாய் நீர் எழுதேல்லை. மாத்தினீரோ? சம்ப் வித்தவர் சொன்னாரோ? சம்ப் மினுங்கிறது காருக்குக் கீழை படுக்கிறவனுக்குத்தான் தெரியும், அதுக்கு ஏன் குரோம் பூசுகினம் எண்டு எனக்கு இண்டுவரை விளங்கேல்லை.

இனி பிரேக்குக்கு வருவம். இந்த எஞ்சினிலை ஒயில் தங்கிற பள்ளம் பின்பக்கம். வெளிக்கிடேக்கை வண்டி முன்னாலை பாய, ஒயில் பின்னாலை ஓடி, பிக்கப் வாயை நல்லா மூடும். அந்த நேரத்திலை உமக்கு அழுத்தம் நல்லாய் இருந்திருக்கும். முன்பக்கம் பள்ளம் உள்ள பழைய ஃபோர்ட் மஸ்ராங் கார் வச்சிருக்கிறவைக்குத்தான் வெளிக்கிடேக்கை கரைச்சல். உம்மடை வண்டிக்கு ஆபத்து முடிவுக் கோட்டுக்கு அங்காலை. கோட்டைத் தாண்டின உடனை 160க்கு மேலை வேகத்திலை பிரேக்கை இறுக்கினால், சம்புக்குள்ளை ஒயிலின்ரை மேல்மட்டம் 35, 40 பாகை சரிஞ்சு எல்லாம் முன்னாலை ஓடும். அதோடை, 402 மீற்றரும் உச்சத்திலை சுத்தினதாலை ஒரு பங்கு ஒயில் இன்னும் மேலை ஹெட்டுக்குள்ளையும் வால்வு மூடிக்குள்ளையும் நிண்டுகொண்டிருக்கும், கீழை வடிஞ்சு முடிஞ்சிராது. பிக்கப் வாய் காத்தை உறிஞ்சும். நீர் கண்ட முள்ளு விழுந்தது அதுதான்.

ஒரு விநாடிதானே எண்டு நினைப்பீர். எஞ்சின் 5000இலை சுத்தினால் கிராங்க் அந்த ஒரு விநாடிக்குள்ளை 80 தரத்துக்கு மேலை சுத்தும். கிராங்குக்கும் பெயறிங்குக்கும் இடையிலை உள்ள வெளி, மில்லிமீற்றரை இருபதாய்ப் பிரிச்சால் வாற ஒரு பங்கு அளவு. தலைமயிரின்ரை தடிப்பும் இல்லை. அந்த வெளிக்குள்ளை அழுத்தத்தோடை நிக்கிற ஒயிலிலைதான் கிராங்க் மிதக்குது, இரும்போடை இரும்பு முட்டுறேல்லை. ஒயில் போனால் பெயறிங்கின்ரை மேல்பூச்சு கிராங்கிலை இழுபட்டு வழிக்கப்படும். வழிக்கப்பட்டால் இடைவெளி கூடும். கூடினால் அந்த இடத்தாலை ஒயில் வேகமாய் வழிஞ்சு போகும், பிறகு அழுத்தம் ஏறினாலும் அந்தப் பெயறிங்கிலை பழையபடி ஒயில் நிக்காது. திரும்பி வரேக்கை நீர் கேட்ட டக் டக் அதுதான். எஞ்சின் செத்தது மூண்டாம் ஓட்டத்தின்ரை முடிவிலை. நாலாவது ஓட்டத்திலை நடந்தது செத்தவீடு.

வால்வுச் சத்தத்துக்கும் பிக் என்ட் (ரொட் கிராங்கைப் பிடிக்கிற பெரிய முனை) சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவை எல்லாரும் வால்வு எண்டுதான் சொல்லுவினம், அது மலிவான பதில். வால்வுச் சத்தம் மேலையிருந்து வரும், மெல்லிசு, எஞ்சின் சுத்துற வேகத்தின்ரை பாதி வேகத்திலை அடிக்கும், ஏனெண்டால் வால்வைத் திறக்கிற கேம் தண்டு கிராங்கின்ரை பாதி வேகத்திலைதான் சுத்துது. பிக் என்ட் கீழையிருந்து, தடிச்ச குரலிலை, சுத்துக்குச் சுத்து அடிக்கும். சந்தேகம் எண்டால் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராய்க் கழட்டிப் பாக்கிறது. எந்தச் சிலிண்டரிலை நெருப்பு நிண்டவுடனை சத்தம் குறையுதோ, வில்லங்கம் அந்த ரொட்டிலை. அஞ்சு நிமிச வேலை. அதைச் செய்திருந்தால் ஒரு செற் பெயறிங்கும் கிராங்க் அரைக்கிற கூலியும்தான் செலவு.

கூடச் சுத்தவிட்டதாலையோ எண்டு கேட்டீர். 6200 எண்டது நல்ல ரொட் போல்ற் உள்ள 350க்குப் பாவமான சுத்து இல்லை. ஆனால் பாரம் எப்பிடி ஏறுது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். 6200இலை பிஸ்ரன் மேலை போய்த் திரும்புற கணத்திலை, முக்கால் கிலோ அளவுள்ள பிஸ்ரனும் பின்னும் ரொட்டை இழுக்கிற இழுவை ஒண்டே முக்கால் தொன்னுக்கு மேலை. 5200இலை அது ஒண்டேகால் தொன் சொச்சம். சுத்து அஞ்சிலை ஒரு பங்கு கூட, இழுவை 40 வீதத்துக்கு மேலை கூடுது, வர்க்கக் கணக்கு. அதுவும் புகை வெளியிலை போற அடியிலைதான் மோசம், மேலையிருந்து அமத்திப் பிடிக்க வாயு அழுத்தம் இல்லை, முழு இழுவையும் ரெண்டு சின்னப் போல்ற்றிலை. தளர்ந்த பெயறிங்கோடை அந்தப் போல்ற் ஒவ்வொரு சுத்துக்கும் சம்மட்டி அடி வாங்கும். விநாடிக்கு நூறு அடி. எவ்வளவு நேரம் தாங்கும்?

இதெல்லாம் நீர் எழுதினதை வச்சு நான் சொல்லுறது. இஞ்ச கொக்குவிலிலை இருந்துகொண்டு ஸ்காபரோவிலை கிடக்கிற எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதேலாது. தீர்ப்பை நீர்தான் எழுத வேணும், இப்பிடி.

மிச்சம் ஏழு ரொட்டின்ரை மூடியையும் கழட்டி, எந்தச் சிலிண்டர் எண்டு குறிச்சு, பெயறிங்குகளை வரிசையாய் ஒரு பேப்பரிலை வையும். ஏழிலை கனக்க வழிக்கப்பட்டு, செம்பு நிறம் தெரிஞ்சால் ஒயில் வராததுதான் காரணம், என்ரை கதை சரி. ஏழும் சாம்பல் நிறமாய் நல்லாய் இருந்து, போனது மட்டும் கருகி நீலம் பாஞ்சிருந்தால், ஒயில் வந்திருக்குது. அந்த ஒரு ரொட்டிலைதான் ஏதோ பிழை, முந்திக் கட்டினவர் போல்ற்றைச் சரியாய் இறுக்கேல்லை, இல்லாட்டி பழைய போல்ற்றைத் திரும்பப் பாவிச்சிருக்கிறார். மற்ற ரொட்டுகளின்ரை போல்ற்றுகளையும் ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டு வச்சு நீளம் அளவும். ஒண்டு இழுபட்டு இடுப்பு மெலிஞ்சிருந்தால் பாரம் தாங்கேல்லை எண்டு அர்த்தம். பிஸ்ரன் தலையிலை வால்வு முட்டின பிறை அடையாளம் இருந்தால், கியர் மாத்தேக்கை கை வழுக்கி 7000க்கு மேலை போயிருக்கிறீர், எனக்கு எழுதேல்லை. பிளக்கின்ரை வெள்ளைப் பீங்கானிலை மிளகுத்தூள் தூவினமாதிரி கறுப்புப் புள்ளி, பிஸ்ரன் ரிங் நிக்கிற விளிம்பு உடைவு, இது ரெண்டும் இருந்தால் நொக்கிங், பெற்றோல் தானாய் வெடிக்கிறது. அப்ப ரைமிங்கையும் (பிளக் எப்ப பொறி விடுது எண்டதை) பெற்றோலையும் பாக்க வேணும். இந்த எஞ்சினுக்கு முழு வேகத்திலை மொத்த ரைமிங் 34இலையிருந்து 36 பாகை போதும். உங்கை பம்பிலை ஒக்ரேன் 91 எண்டு போட்டிருக்கிறது இஞ்சத்தை 95க்குக் கிட்டத்தட்டச் சமன், ரெண்டு நாட்டிலையும் அளக்கிற முறை வேறை. ஒயில் பில்ரரைப் பில்ரர் வெட்டுற கருவியாலை வெட்டி, மடிப்புத் தாளை விரிச்சு, காந்தம் பிடிச்சுப் பாரும். காந்தத்திலை ஒட்டாத மினுக்கம் பெயறிங். ஒட்டிறது கிராங்க், ரொட், கேம்.

பிறகு சம்ப். பிள்ளையள் விளையாடுற களிமண் உருண்டையைப் பிக்கப் வாயிலை ஒட்டி, கஸ்கற்றும் வச்சு, சம்பை ஏத்தி ரெண்டு போல்ற் பிடிச்சு, திரும்ப இறக்கி, அமத்துப்பட்ட களிமண்ணின்ரை தடிப்பை அளவும். களிமண் அமத்துப்படவே இல்லையெண்டால் விசயம் முடிஞ்சுது. இன்னொண்டு: இந்த எஞ்சினிலை பிக்கப் குழாய் பம்புக்குள்ளை இறுக்கிச் செருகினது மட்டும்தான், அதிர்விலை கழண்டு விழுந்த கதையள் கனக்க. புதுசு போடேக்கை பம்பின்ரை ஸ்பிரிங்கைக் கழட்டிவச்சுப்போட்டு ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லும்.

இவ்வளவும் பாக்காமல் பெட்டியோடை புது எஞ்சின் வாங்கினால் என்ன செய்வீர் எண்டு எனக்குத் தெரியும். பழைய எஞ்சினிலையிருந்து அந்த மினுங்கிற சம்பைக் கழட்டி, கழுவி, புதுசிலை பூட்டுவீர். அடுத்த ஓகஸ்டிலை எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

புதுசோ திருத்தினதோ, சம்புக்குள்ளை தடுப்புத் தகடு இருக்க வேணும், பிரேக் பிடிக்கேக்கை ஒயிலை முன்னாலை ஓடவிடாமல் மறிக்கிற வகை. அதுக்குப் பொருத்தமான பிக்கப். கிராங்குக்குக் கீழை தெறிப்புத் தட்டு. சம்ப் செய்தவன் சொல்லுற அளவு ஒயில், உம்மடை வழக்கம் இல்லை. ஒயில் கூலர் பூட்டியிருந்தால் அதைக் கழுவிப் பாவிக்க நினையாதையும், உள்ளை ஒளிச்சிருக்கிற இரும்புத்தூள் என்ன கழுவினாலும் முழுக்க வராது, எறியும். ஒயில் அழுத்தம் 1000 சுத்துக்கு 10 பிஎஸ்ஐ எண்ட பழைய கணக்கு இண்டைக்கும் நல்ல கணக்குத்தான். முடிவுக் கோட்டுக்கு அங்காலை கனதூரம் விட்டிருப்பினம், பிரேக்கை மெதுவாய்ப் பிடியும், எஞ்சினின்ரை சுத்தை முதலிலை இறங்க விடும்.

ஓட்டை விழுந்த புளொக்கை வெல்டிங் வச்சு றேஸ் ஓட ஏலாது. ஆனால் அதையும் எறியாதையும். அந்தக் காலத்து வண்டிகளிலை புளொக்கிலை வண்டி இலக்கத்தின்ரை ஒரு பகுதி குத்தியிருக்கும். உம்மடை வண்டி இலக்கத்தோடை பொருந்தினால், பின்னாலை வண்டியை விக்கேக்கை வாங்கிறவர் அந்த உடைஞ்ச புளொக்குக்கும் சேத்து விலை பேசுவார்.

வெடிச்ச பிறகு என்ன செய்தீர் எண்டு எழுதேல்லை. அடுத்த முறைக்குச் சொல்லிவைக்கிறன்: சத்தம் கேட்டவுடனை கிளச்சை மிதி, சுவிச்சை நிப்பாட்டு, உம்மடை பாதையின்ரை சுவர்ப் பக்கமாய் ஒதுக்கி நிப்பாட்டு. புகைய விட்டுக்கொண்டு கடைசி வரைக்கும் உருட்டிக்கொண்டு போறது பாவம். சிந்தின ஒயில் பின்னாலை வாறவனின்ரை ரயருக்குக் கீழை, சூடான புகைக்குழாயிலை பட்டது நெருப்பாய். அண்டைக்கு அந்தப் பாதையைத் துடைச்சு முடியும்வரை கனபேர் வெயிலிலை காத்து நிண்டிருப்பினம், கோவிச்சிருப்பினம். அடுத்த முறை போகேக்கை அவைக்குக் கோப்பி வாங்கிக் குடும்.

கேள்வி: என் மகன் உங்களுக்கு எழுதியதாகச் சொன்னான். உடைத்ததும் காணாமல் இன்னும் காசு போட்டுக் கட்டப்போறானாம். நீங்கள் சொன்னால் கேட்பான். விட்டுவிடச் சொல்லுங்கோ. கலியாணம் பேசினால் சரிவருமோ?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: ஐயா, கலியாணம் பேசுறது என்ரை கராஜ் வேலை இல்லை. கமாரோவோடை வாற மாப்பிள்ளையைப் பிடிக்கிற பிள்ளையும் இருக்கும்.

விடச் சொல்லி நான் சொல்லமாட்டன். காரணம் இருக்குது. உந்த வேக ஆசை உங்கடை பிள்ளைக்கு வேறை இடத்திலை வந்திருந்தால் நெடுஞ்சாலையிலை வந்திருக்கும். ஒன்ராறியோவிலை வேக எல்லையை 50 கிலோமீற்றர் தாண்டினால், எல்லை 80க்குக் குறைஞ்ச றோட்டெண்டால் 40 தாண்டினால், அந்த இடத்திலையே லைசன்ஸை 30 நாளைக்கும் வண்டியை 14 நாளைக்கும் பறிப்பினம். வழக்கிலை தோத்தால் தண்டம் 2,000 டொலரிலை தொடங்கி 10,000 வரைக்கும் போகும். அது காசு. மற்றவனின்ரை பிள்ளை குறுக்கை வந்தால் காசாலை முடியாது. ஓடுபாதையிலை ரெண்டு பக்கமும் சுவர், எதிரை ஒருத்தரும் வராயினம், அம்புலன்ஸ் காத்து நிக்கும். 1951இலை அமெரிக்காவிலை என்எச்ஆர்ஏ எண்ட சங்கம் துவங்கினதே றோட்டிலை ஓடின பெடியளை ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுவரத்தான். அவையின்ரை விதியிலை 14 விநாடிக்குக் கீழை ஓடினால் ஹெல்மெற் கட்டாயம், மகன் 13.4 ஓடினவர், அப்ப அவரிட்டை இருக்க வேணும். நீங்கள் கேக்கிறதெண்டால் காரை விடச் சொல்லிக் கேளாதேங்கோ, சீற்றுக்குப் பக்கத்திலை நெருப்பு அணைக்கிற சிலிண்டர் இருக்குதோ எண்டு கேளுங்கோ. அதுக்குப் பதில் சொல்ல அவருக்கு வெக்கமாய் இருந்தால் வாங்குவார்.

கேள்வி: எங்கள் வீட்டில் 121 கொரோலா. பள்ளிக்கூடம் போகும்போது கைதடிச் சந்தியில் பிரேக் பிடித்தால் சிவப்பு ஒயில் லைற் ஒரு சிமிட்டல் சிமிட்டி நின்றுவிடுகிறது. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சென்சர் பிழையாக இருக்கும் என்று கணவர் சொல்கிறார்.
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ரீச்சர், மேலை உள்ள கனடாத் தம்பியின்ரை கடிதத்தை வாசியுங்கோ. அவர் 160இலை கண்டதை நீங்கள் 40இலை கைதடிச் சந்தியிலை காணுறியள். பிரேக் பிடிக்க ஒயில் முன்னாலை ஓடுது, பம்ப் காத்தை உறிஞ்சுது. அந்தச் சிவப்பு லைற் ஒயில் அளவு குறைஞ்சதுக்கு எரியிற லைற் இல்லை. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லையெண்ட அளவுக்கு விழுந்த பிறகுதான் எரியும். உங்கடை கார் அளவான வேகத்திலை ஓடுறதாலை ரொட் வெளியிலை வராது, ஆனால் பெயறிங் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கொஞ்சம் தேயும்.

இண்டைக்கே, இதை வாசிக்கிற இடத்திலையிருந்து எழும்பிப்போய், சமதரையிலை நிப்பாட்டி, பத்து நிமிசம் விட்டு, டிப்ஸ்ரிக்கைத் துடைச்சுத் திரும்பச் செருகிப் பாருங்கோ. கீழ்க் கோட்டுக்கும் கீழை நிக்கும் எண்டு நினைக்கிறன். உரிய ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டு மேல்கோட்டுக்குக் கொண்டுவாங்கோ, மேல்கோட்டைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒயில் எங்கை போகுது எண்டு பாக்க வேணும்: காலமை ஸ்ராட் பண்ணேக்கை நீலப் புகை வருதோ, நிப்பாட்டின இடத்திலை நிலத்திலை கறை இருக்குதோ. அளவு சரியாய் இருந்தும் சிமிட்டினால் மட்டும் சென்சர் கதையை எடுக்கலாம். அப்பவும் சென்சரை மாத்த முதல், அந்தத் துளையிலை அழுத்த மீற்றர் ஒண்டைப் பூட்டிப் பாக்கிற மெக்கானிக்கிட்டைப் போங்கோ. மீற்றர் இல்லாமல் சென்சரை மாத்துறவரிட்டைப் போகாதேங்கோ. ஐயாவுக்கும் சொல்லுங்கோ, லைற்றைக் குற்றம் சொல்லுறது கடைசி வேலை.

கேள்வி: நானும் நண்பர்களும் வல்லை வெளியில் ஞாயிறு காலைகளில் பல்சர் 150 ஓட்டிப் பார்ப்போம். உச்ச வேகம் கூட்ட கார் ஒயில் விடலாம் என்று ஒருவர் சொன்னார். எந்த ஒயில் நல்லது?
– நெல்லியடி மாணவர்

பதில்: கார் ஒயில் விடாதையும். கார் எஞ்சினிலை கிளச் வேறை இடத்திலை, காய்ஞ்ச இடத்திலை இருக்குது. உம்மடை பைக்கிலை கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளையே குளிச்சுக்கொண்டு நிக்குது. கார் ஒயிலிலை வழுக்கலைக் கூட்ட மருந்து கலந்திருக்கும், அது கிளச்சை வழுக்கப் பண்ணும், எஞ்சின் அலறும், வண்டி போகாது. போத்திலிலை ஜாசோ எம்ஏ (ஒயிலுக்குள்ளை கிளச் நிக்கிற பைக்குக்கான தரக் குறி) எண்டு போட்டிருக்கிறதை எடும். உந்த எஞ்சினுக்கு ஒரு லீற்றர் சொச்சம்தான் ஒயில். கார்க்காரனுக்கு 200 மில்லி குறைஞ்சால் தெரியாது, உமக்கு அது கிட்டத்தட்ட ஆறிலை ஒரு பங்கு. ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் பாக்கிறது காணாது, கிழமைக்கு ஒருக்கால் பாரும்.

உச்ச வேகம் கூட்ட நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். வல்லை வெளி நேர் றோட்டு எண்டு எனக்கும் தெரியும், அங்கை குறுக்காலை அடிக்கிற காத்தும் தெரியும், மாடு எந்தப் பக்கத்தாலை ஏறும் எண்டு மாட்டுக்கே தெரியாது. எதிரை வாறது பருத்தித்துறை பஸ். ஓட விருப்பமெண்டால் நாட்டிலை இடம் இருக்குது: கட்டுக்குருந்தையிலை ஓடுபாதை, தியத்தலாவையிலை ஃபொக்ஸ் ஹில், நுவரெலியாவிலை மகாகஸ்தொட்டை மலையேற்றம். முதல்லை பாக்கப் போம். அங்கை ஓடுறவை ஓடமுதல் வண்டியைக் கழட்டி எவ்வளவு நேரம் இருக்கினம் எண்டு பாத்தீரெண்டால் விளங்கும்.

கேள்வி: அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 கார் இன்னும் ஓடுது. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும். பழைய கார், நல்ல பெற்றோல் வேணும் என்று எல்லாரும் 95 அடிக்கச் சொல்லுகினம். சரியோ?
– அளவெட்டி

பதில்: பழைய காருக்கு நல்ல பெற்றோல் எண்டது எங்கடை ஊரிலை தேவாரம் மாதிரிப் பரம்பரையாய் வாற சொல். ஒக்ரேன் எண்ணிக்கை பெற்றோலின்ரை பலத்தைச் சொல்லுறேல்லை, அமத்தேக்கை தானாய் வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் எண்டதைச் சொல்லுறது. உங்கடை ஏ40 கூட அமத்துற எஞ்சின் இல்லை, ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோடை, மட்டமான பெற்றோலுக்கு எண்டே செய்தது. 92 தாராளம்.

எவ்வளவு தாராளம் எண்டு 90களிலை இஞ்ச இருந்தவைக்குத் தெரியும். பெற்றோல் தடையாலை உந்த ஏ40யளும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. கொஞ்சப் பெற்றோலை கார்பரேற்றருக்குள்ளை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானவுடனை மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. மண்ணெண்ணெயின்ரை ஒக்ரேன் சொல்லிக் காட்டுற அளவிலை இல்லை. ஏத்தத்திலை கிணுகிணு எண்டு நொக்கிங் கேக்கும், நாங்கள் டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தி, ரைமிங்கைப் பிந்தவச்சு, சத்தம் நிண்டவுடனை இறுக்குவம். இழுவை குறையும், ஆனால் பிஸ்ரன் தப்பும். அப்ப பாத்த இன்னொரு விசயம், டிப்ஸ்ரிக்கிலை ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு வரும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவராலை வடிஞ்சு சம்புக்குள்ளை போறது. மட்டம் கூடினதைக் கண்டு சந்தோசப்பட்டவையின்ரை பெயறிங்தான் முதல்லை போனது. இண்டைக்கும், கார்பரேற்றரிலை மிதவை ஊசி தேஞ்சிருந்தால் பெற்றோலும் அப்பிடிப் போகும். உங்கடை வண்டி மாசக்கணக்கிலை நிக்கிறதாலை, எடுக்கமுதல் டிப்ஸ்ரிக்கை மோந்து பாருங்கோ. பெற்றோல் மணத்தால் ஸ்ராட் பண்ணாமல் ஒயிலை மாத்துங்கோ.

ஈயம் கலந்த பெற்றோல் நிண்டுபோன பிறகு வால்வு இருக்கை தேயும் எண்டும் பயமுறுத்துவினம். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் 50இலை போற வண்டிக்கு அது பெரிய விசயம் இல்லை. வருசத்துக்கு ஒருக்கால் வால்வு இடைவெளியை அளந்து, குறைஞ்சுகொண்டு வந்தால் மட்டும் யோசியுங்கோ. 95க்குக் குடுக்கிற மேலதிகக் காசைச் சேத்து, ஸ்ரான்லி வீதியிலை ரேடியேற்றர் ஹோஸ் ரெண்டும் ஃபான் பெல்ற்றும் வாங்கிப் போடுங்கோ. கலியாண வீட்டுக்குப் போற வழியிலை ஏ40யள் நிக்கிறது பெற்றோலாலை இல்லை, உந்த ரெண்டாலையும்தான்.